மண்சாமிக்கு வந்த கண்டம்

ஒரு கிழவரின் உயிரைக் காப்பாற்ற ஒரு சாமியை ஏமாற்றினால் தப்பில்லை என்று தியென்லூ முடிவு கட்டினார். குளியலறையில் உட்கார்ந்து கட்டிய முடிவு. பெரிய முடிவுகளை அவர் அங்கேதான் எடுப்பார். வீட்டில் அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்த ஒரே இடம் அது.

அந்தக் கிழவரும் அந்தச் சாமியும் ஒரே ஆள் என்பதுதான் இதில் சிக்கல்.

தைவானில், கீலுங் துறைமுகத்துக்கு மேலே, மழை ஓயாத குன்றில், படிக்கட்டையே தெரு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சந்தில் அவர் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து வீடு மாதிரிப் பெட்டிகளைத் தூக்கி அலுங்காமல் இறக்கி வைத்த கை அது. வீட்டில் அந்தக் கைக்கு டிவி ரிமோட்டைத் தொடக்கூட அனுமதி கிடையாது. மனைவி பீயுன் கதை எழுதுகிறவள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற கதை. அதில் ராக்கெட்டும் உண்டு, பூதமும் உண்டு. இரண்டும் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தும்.

இப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது 'விண்கப்பலின் மண்சாமி'. பூமி வாழ லாயக்கில்லாமல் போய், ஜனங்கள் ஒரு பெரிய கப்பலில் ஏறி வேறு நட்சத்திரத்துக்குக் கிளம்புகிறார்கள். விதை, மருந்து, கம்ப்யூட்டர் எல்லாம் ஏற்றியாயிற்று. சாமியை மட்டும் மறந்துவிட்டார்கள். சந்துக்குச் சந்து, அந்த இடத்து மண்ணைக் காக்கிற ஒரு மண்சாமியை வைத்துக் கும்பிட்ட ஜனங்கள். கப்பலிலும் சந்து இருக்கிறது. மண்தான் இல்லை. நல்லவேளையாக, யாவ்-யாவ் என்கிற பதினாலு வயது மெக்கானிக் பெண், வெங்காயத்தாள் நட்ட ஒரு பூந்தொட்டியைத் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்திருக்கிறாள். அந்தத் தொட்டிக்குள் வெள்ளைத் தாடி, கைத்தடி சகிதம் மண்சாமி ஒளிந்து வந்துவிடுகிறார். தொட்டி அளவுதான் அவருக்கு ராஜ்ஜியம். கப்பலின் கம்ப்யூட்டருக்குச் சாமி என்றால் என்னவென்று தெரியாது. அவரைக் 'காரணம் புரியாத ஈரப்பதம்' என்று குறித்து வைத்திருக்கிறது.

தைவான் முழுக்கப் பிள்ளைகள் அந்தக் கிழவர்மேல் உயிரை விட்டார்கள். தியென்லூவும்தான். ஆனால் கல்யாணமான புதிதில், "கொழந்தைப் புத்தகமெல்லாம் நான் படிக்கிறதில்ல" என்று ஒரு தடவை ஜம்பமாகச் சொல்லித் தொலைத்துவிட்டார். அதனால் இத்தனை வருஷமாகப் பெண்டாட்டி எழுதியதைக் குளியலறையில் ஒளிந்து படிக்க வேண்டியதாயிற்று.

முதல் பாகத்திலேயே அவருக்கு லேசாகச் சந்தேகம். மண்சாமி தேநீரைக் கோப்பையில் ஊற்றாமல் கெண்டி மூக்கிலேயே வாயை வைத்து உறிஞ்சுகிறார். தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே குறட்டை விடுகிறார். வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத் தோலைச் சோபாவுக்கு அடியில் தள்ளுகிறார். விண்கப்பலில் சோபா எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. அந்த வருஷ வசந்தத்தில்தான் தியென்லூவுக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கதையில் யாவ்-யாவ் ஸ்குரூ டிரைவரை எடுத்து, மண்சாமியின் நெஞ்சைத் திறந்து, இரண்டு ஸ்பிரிங் மாட்டினாள்.

அதிலிருந்து வீட்டில் பன்றிக் கொழுப்பு கிடையாது, பொரித்தது கிடையாது, சாராயம் கிடையாது. கோஸ் உண்டு. அவித்தது, நறுக்கி அவித்தது, அவித்து நறுக்கியது என்று பல வகை.

இப்போது மூன்றாம் பாகம், கடைசிப் பாகம். அன்று காலை பீயுன் பதிப்பகத்துப் பெண்ணோடு போனில் பேசியது குளியலறைக் கதவு வழியாக அவர் காதில் விழுந்தது.

"கெழவரைக் கடைசியில முடிச்சுடணும்ங்கறே... ம்... பிள்ளைங்க அழணும். அழுதாத்தான் புத்தகம் நிக்கும். புரியுது... தொட்டி மண்ணு காஞ்சு, அவர் கொஞ்சம் கொஞ்சமா மங்கி... ம்... சரிம்மா, நான் சாமிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். பின்ன? சாமி கதையை எழுதறப்ப சாமியைக் கேக்காம எப்படி? மொத பாகமே கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

தியென்லூவின் ஸ்பிரிங் இரண்டும் ஒரு தடவை சுருங்கி விரிந்தன.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

"பீயுன்."

"ம்."

"கதையெல்லாம் எப்படிப் போகுது?"

அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. பொண்டாட்டி வேலையைப் பத்தி ஒரு புருஷன் விசாரிக்கக் கூடாதா?"

"இத்தன வருஷமா விசாரிக்கலையே. நெஞ்சு வலிக்குதா? எங்க, நாக்கை நீட்டுங்க."

"வலிக்கலைன்னா வலிக்கல! சும்மா கேட்டேன். கதையில வயசானவங்க யாராவது இருந்தா... அவங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல?"

"நீங்கதான் கொழந்தைப் புத்தகம் படிக்கிறதில்லையே. எவன் செத்தா ஒங்களுக்கு என்னங்க?"

"படிக்கிறதில்லதான்."

"அப்ப கோஸைச் சாப்பிடுங்க."

சாப்பிட்டார்.

நேராகவே கேட்டிருக்கலாம். 'ஏம்மா, நான் செத்துடுவேன்னு நெனைக்கிறியா?' அவ்வளவுதான் கேள்வி. அதுதான் வாயில் வரவில்லை. கேட்டால் அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று பயம். பீயுனுக்கு எதுவும் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது அவர் அனுபவம். நெஞ்சு வலி வருவதற்கு முந்தின வாரமே, "ஒங்க மூஞ்சி சரியில்ல, டாக்டரைப் பாருங்க" என்று சொன்னவள் அவள். அப்படிப்பட்டவள் கதையில் கிழவரை முடித்துவிட்டால், அப்புறம் நிஜத்தில் என்ன மிச்சம்? கிழவர் பிழைத்தால் தானும் பிழைப்போம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இது மடத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

சாமி வேண்டாம் என்று சொன்னால் பீயுன் எழுத மாட்டாள். ஆகவே சாமி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் குளியலறையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்.

சந்து முனையில், ஆலமரத்தடியில், அலமாரி அளவு மண்சாமி கோயில். உள்ளே முழங்கை உயரத்தில் சாமி. அவர் முன்னால் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு பிறைக்கட்டைகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. வருகிறவர்கள் பேரையும் விலாசத்தையும் முணுமுணுத்து, கேள்வியை மனசுக்குள் சொல்லி, கட்டைகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாகத் தெரிந்தால் சாமி சரி என்கிறார். இரண்டும் தட்டையாகத் தெரிந்தால் சிரிக்கிறார். இரண்டும் மேடாகத் தெரிந்தால் வேண்டாம் என்கிறார். பெரிய விஷயத்துக்கு மூன்று தடவை போடுவது வழக்கம். அதற்கு மேல் கீலுங்கில் அப்பீல் கிடையாது.

அந்த வருஷம் கோயிலைப் பெருக்கித் துடைக்கிற முறை தியென்லூவுடையது. துடைக்கிறேன் என்று கட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போனால் கேட்க ஆளில்லை. எடுத்துப் போனார். தட்டைப் பக்கத்தைக் கொஞ்சம் குடைந்தார். தூண்டில் பெட்டியிலிருந்து ஈயக்குண்டை எடுத்து நசுக்கி உள்ளே வைத்தார். மெழுகால் அடைத்தார், சிவப்புச் சாயம் பூசினார். தட்டைப் பக்கம் கனமானால் அது எப்போதும் அடியில்தான் போகும். கிரேன் ஓட்டியவருக்குப் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாயம் காய்ந்ததும் குளியலறைத் தரையில் போட்டுப் பார்த்தார். வேண்டாம். இன்னொரு தடவை. வேண்டாம். இன்னும் ஒரு தடவை.

"என்னங்க, உள்ள என்ன டொக்கு டொக்குன்னு சத்தம்?"

"சோப்பு விழுந்துது!"

"எத்தன சோப்புங்க?"

அவர் குழாயைத் திறந்துவிட்டார். சாயங்காலம் கட்டைகளைக் கோயிலில் வைத்துவிட்டு, சாமியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "சாமி, கதையில வர்றது நீதான். ஒன் உயிருக்குத்தான் பாடுபடறேன். கண்டுக்காதே."

சாமி கண்டுகொள்ளவில்லை. ஆனால் தியென்லூ ஒன்றை மறந்துவிட்டார். அந்தச் சாமி பீயுனுக்கு மட்டும் சாமி இல்லை, சந்துக்கே சாமி.

மறுநாள் காலையில் டாக்ஸிக்கார வாங், பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம். முடிதிருத்தும் கடைப் பெண், கடையைப் பெரிய தெருவுக்கு மாற்றலாமா என்று கேட்டாள். வேண்டாம். மேல் வீட்டுக்காரர் மாமியாரைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, வேண்டாம் என்று வந்ததும் சாமிக்கு ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கி வைத்தார். அவர் ஒருவர்தான் சந்தோஷமாகப் போனவர்.

பத்து மணிக்கு லியாவ் அக்கா ஓடி வந்தாள். படிக்கட்டின் அடியில் மீன் வடை பொரித்து விற்கிறவள். குடைகூட இல்லை. மழையில் நனைந்ததா, அழுது நனைந்ததா என்று சொல்ல முடியாத முகம்.

"தம்பி, போச்சு! எல்லாம் போச்சு!"

"என்னக்கா ஆச்சு?"

"சுங்ஹான் கல்யாணத்துக்கு நாள் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. வேற நாள் கேட்டேன். அதுவும் வேண்டாம். சரி, பொண்ணு பொருத்தமான்னு கேட்டேன், தம்பி. அதுக்கும் வேண்டாம்! என் புள்ளைக்கு முப்பத்தாறு வயசு. முன்னந்தலையில முடி இல்ல. அவனை ஒருத்தி சிரிச்ச மொகத்தோட கட்டிக்கறேன்னு சொல்லியிருக்கா. அவகிட்ட போயி நான் எப்படிச் சொல்லுவேன், எங்க சந்துச் சாமிக்கு ஒன்னைப் பிடிக்கலைன்னு?"

தியென்லூவுக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது, சுங்ஹானோடு வந்து ஆப்பிள் நறுக்கிக் கொடுத்த பெண். ஈயத்தை உருவிவிடலாம் என்று நினைத்தார். உருவினால் கிழவர் கதி? பீயுன் இன்னும் கோயிலுக்குப் போகவில்லையே. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொன்னால் சந்தே சேர்ந்து அவரை மீன் வடைச் சட்டியில் போடும்.

அப்போதுதான் மூளையில் ஒரு பல்பு எரிந்தது.

"அக்கா, அழாதீங்க. நீங்க கேட்ட மொறை தப்பு."

"மொறையா?"

"சாமிகிட்ட 'பண்ணலாமா'ன்னு கேக்கலாமா? அவர் என்ன நம்ம வீட்டு வேலைக்காரரா? எல்லாத்துக்கும் பொறுப்பு எடுத்துக்குவாரா? 'இதுல ஒங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா'ன்னு மரியாதையாக் கேக்கணும். போயிக் கேளுங்க."

லியாவ் அக்கா கேட்டாள். ஆட்சேபணை உண்டா? இல்லை. உண்டா? இல்லை. உண்டா சாமி? இல்லவே இல்லை. மூன்றாவது தடவை கட்டை விழுந்ததும் அவள் போட்ட கூச்சலில் ஆலமரத்துக் குருவியெல்லாம் பறந்துபோயிற்று. தியென்லூவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணத்தில் அவருக்கு முதல் மேஜை என்றாள். சூடாக ஒரு பொட்டலம் மீன் வடையைக் கையில் திணித்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பெருமூச்சு விட்டுவிட்டு டாக்ஸிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் சந்து பூராவும் முறையை மாற்றிவிட்டது. டாக்ஸிக்காரரின் புது வண்டியில் சாமிக்கு ஆட்சேபணை இல்லை. கடை மாற்றத்திலும் இல்லை. மேல் வீட்டுக்காரரைப் பெண்டாட்டி இழுத்து வந்து மறுபடி கேட்க வைத்தாள். மாமியார் வருவதிலும் ஆட்சேபணை இல்லை. அவர் தன் ஆரஞ்சுகளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே படியேறினார்.

பீயுன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கோஸை மேஜைமேல் வைத்தாள். கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போற வழியில லியாவ் அக்காவைப் பாத்தேன். சாமி விஷயத்துல நீங்க பெரிய புலியாமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கேக்கறதுக்குன்னு ஒரு மொறை இருக்கு."

"நேத்துவரைக்கும் அந்த மொறை இல்லையே."

"சாமி மனசு நமக்கென்ன தெரியும்?"

"அதானே." கோஸை நறுக்க ஆரம்பித்தாள். "இன்னிக்குப் பூரா சாமி ஒரே பதிலைத்தான் சொல்றாராம். யார் போட்டாலும் ரெண்டு மேடு."

"அப்படியா?"

"நீங்க கட்டையை எப்பத் தொடச்சீங்க?"

"நேத்து."

"தூண்டில் பெட்டி ஏங்க குளியலறையில இருக்கு?"

"துரு எடுத்தேன். தூண்டி முள்ளெல்லாம் ஒரே துரு."

"சரி" என்றாள் பீயுன்.

அனுபவப்பட்ட புருஷனாக இருந்தால் அந்தச் 'சரி'யைக் கேட்டதும் ஊரைவிட்டே ஓடியிருப்பான். தியென்லூவும் அனுபவப்பட்டவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் புலி.

"நாளைக்குக் காலையில நான் கோயிலுக்குப் போறேன். முக்கியமான விஷயம் கேக்கணும். நீங்களும் வாங்க. நீங்க பக்கத்துல நின்னா சாமி பிரமாதமாப் பேசறாராமே."

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. தியென்லூ குடை பிடித்தார். பீயுன் ஊதுபத்தி கொளுத்தினாள், கொய்யாப்பழம் வைத்தாள். கொட்டை செரிக்காமல் வெளியேறுகிற பழம் சாமிக்கு ஆகாது என்று கணவர் பதறியதும் அதை எடுத்துவிட்டு இனிப்பு வைத்தாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. கட்டைகளைக் கையில் எடுத்தவள், எடை பார்ப்பதுபோல் ஒரு தரம் மேலே தூக்கிப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடி, பேர் சொல்லி, விலாசம் சொல்லி, உதடு மட்டும் அசைய எதையோ கேட்டாள்.

கட்டை விழுந்தது. இரண்டு மேடு.

தியென்லூவுக்கு மூச்சு வந்தது. "வேண்டாம்ங்கறாரு!"

"தெரியுது."

மறுபடி உதடு அசைந்தது. மறுபடி இரண்டு மேடு. "பாத்தியா? வேண்டவே வேண்டாம்ங்கறாரு!" குடை ஆடியதில் பீயுன் பாதி நனைந்தாள்.

"நீங்க ஏங்க இப்படிக் குதிக்கிறீங்க?"

"சாமி பேசறாரேன்னு ஒரு சந்தோஷம்."

மூன்றாவது தடவை. இரண்டு மேடு. தியென்லூவால் தாங்க முடியவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டுச் சாமியைப் பார்த்துக் கைகூப்பினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பொழச்சுட்டார்! கெழவர் பொழச்சுட்டார்!"

"எந்தக் கெழவர்?"

"மண்சாமிதான். கப்பல்ல, தொட்டியில..." சொல்லிக்கொண்டே போனவர் நடுவில் நின்றார்.

"நீங்கதான் படிக்கிறதில்லையே" என்றாள் பீயுன்.

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். ரெண்டாம் பாகத்தை ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் கெழவர் நான்தான்னு தெரியும். அவரை நீ முடிச்சுட்டா... ஒனக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுடும் இல்ல? எனக்குப் பயமா இருந்துச்சு, பீயுன்."

பீயுன் குடையை எடுத்து அவர் தலைக்குமேல் பிடித்தாள். ஈரப்படியில் உட்கார்ந்து, அவரையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒங்களை உள்ள கொண்டுபோனப்ப நான் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். என்ன பண்றதுன்னு தெரியல. கெழவருக்கு ஸ்பிரிங் மாட்ட ஆரம்பிச்சேன். பேனா பிடிக்க முடியாம கை நடுங்குச்சு. யாவ்-யாவுக்குக் கை நடுங்கவே இல்லைன்னு எழுதினேன். அவ நடுங்கினா அவர் பொழைக்க மாட்டார்னு தோணுச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவரை நான் கொல்லுவேனா? அவர் போயிட்டா அந்தப் பொண்ணு யாரோட சண்டை போடுவா? சோபாவுக்கு அடியில யாரோட கடலைத் தோலைக் கூட்டுவா?"

தியென்லூ அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்ன பதிப்பகத்துல சாமியைக் கேட்டுச் சொல்றேன்னியே?"

"அது அவ வாயை அடைக்க. சாமி வேண்டாம்னுட்டாருன்னா அவ மேல பேச முடியுமா? நேத்து ராத்திரியே சொல்லிட்டேன். தொட்டி மண்ணைப் புது நட்சத்திரத்துல கொட்டறாங்க, கெழவருக்கு ஒரு உலகமே கெடைக்குதுன்னு முடிச்சாச்சு."

"சாமியைக் கேக்காமலேவா?"

"சாமிகிட்டயே போயி 'ஒன்னைக் கொன்னுடட்டுமா'ன்னு யாராவது கேப்பாங்களாங்க?"

தியென்லூ விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டென்ட் வைத்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சில் ஒரு வலியும் இல்லை. பசித்தது. அசுரப் பசி.

"எந்திரி பீயுன்! கோயில் தெருவுல போயி ஆளுக்கு ஒரு கிண்ணம் கொழுத்த பன்னிக்கறிச் சோறு சாப்பிடலாம். இன்னிக்குச் சாப்பிடாம என்னிக்குச் சாப்பிடறது?"

பீயுன் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஆமா... கெழவர் விஷயம் நேத்தே முடிஞ்சுதுன்னா, இப்ப மூணு தடவை கேட்டியே, அது என்ன?"

"ஓ, அதுவா?" பீயுன் விரலை மடக்கினாள். "மொதல்ல, இந்த மனுஷனுக்கு இனிமே பன்னிக்கறிச் சோறு குடுக்கலாமான்னு கேட்டேன்."

தியென்லூவின் வாய் திறந்தது.

"ரெண்டாவது, லியாவ் அக்கா மீன் வடை. மூணாவது, சுங்ஹான் கல்யாணத்துல ஒரே ஒரு கோப்பை சாராயம். நீங்களும்தான் பாத்தீங்களே. வேண்டவே வேண்டாம்னு நீங்கதானே குதிச்சீங்க."

கட்டையில் ஈயம் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து லியாவ் அக்கா கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு படியேறி வந்து, "தம்பி!" என்று பாசமாகக் கூப்பிட்டாள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"பீயுன்," என்றார் கெஞ்சலாக, அக்கா அந்தப் பக்கம் போனதும். "மொறையை மாத்தி ஒரு தடவை கேளேன். பன்னிக்கறியில ஆட்சேபணை உண்டான்னு."

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு." அவள் துணிப்பையிலிருந்து பளபளவென்று புதுக் கட்டைகள் இரண்டை எடுத்தாள். முந்தின சாயங்காலம் கோஸோடு சேர்த்து வாங்கியவை. "சாமி, எங்க வீட்டுக்காரர் பண்ணின காரியத்தை மன்னிச்சுடு" என்று சத்தமாகவே சொல்லிப் போட்டாள். இரண்டும் தட்டை. சாமி சிரித்தார்.

புதுசைச் சாமி முன்னால் வைத்தாள். பழைய கட்டைகளைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற படியில் மெதுவாக வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அந்தக் கட்டைகள் இப்போது அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் இருக்கின்றன. தியென்லூ எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், தடையே இல்லை. கேள்வியை மட்டும் பீயுன்தான் கேட்பாள்.